இருமினால் திரும்பிவிட வேண்டும்

அண்ணன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நீ சைக்கிள எடுத்துக்கினு மலையேறி அந்தாண்ட காவலூர்ல போய் எறங்கு. எறங்கிட்டு நல்லபடியா வூடு வந்து சேரு. அப்பால நானே உன்ன டிரெய்னிங்ல கொண்டுபோய் சேக்கிறேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பாமலே, "போறவ வழியில ஒரு தபா இருமினாலும் அங்கயிருந்தே திரும்பிடணும்" என்றாள். நடக்கப் போகாத காரியத்துக்கு நிபந்தனை போடுவதில் நஷ்டம் என்ன என்று நினைத்திருப்பாள்.

"சரி" என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு கணியம்பாடியில். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் விடுதியில் போய்ச் சேர வேண்டும். அம்மா விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். காரணம் என் நெஞ்சு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு எனக்கு டி.பி. வந்தது. ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையுமாகக் கழிந்தது. வேலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, எல்லாரையும் போல இருக்கலாம் என்று சொல்லியும் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் சொன்னது ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டது. வீடு வரைக்கும் வந்து சேரவில்லை.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வேலை எதுவும் சொல்லமாட்டார்கள். நானாகத் துடைப்பத்தை எடுத்தாலும் வாங்கி வைத்துவிடுவார்கள். எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பைத் துடைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அண்ணியின் குழந்தை தத்தித் தத்தி என்னிடம் வந்தால் அண்ணி வந்து தூக்கிக்கொண்டு போவாள். முகத்தைச் சுளிக்கமாட்டாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள், தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை பெற்றவள் பயப்படுவாள் என்று புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அம்மாவின் சொந்தத் தம்பி இதே நோயில் போனவர். அதனால் அம்மாவின் காது எந்நேரமும் என் தொண்டையிலேயே இருந்தது. நான் லேசாகச் செருமினால் போதும், உள்ளே அரிசி களையும் சத்தம் நின்றுவிடும். மறுபடி சத்தம் கேட்கும்வரை எனக்கும் மூச்சு நிற்கும். விடுதிக்குப் போகாவிட்டால் என் ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலையேறுவது அதைவிடச் சுலபம் என்று எனக்குத் தோன்றியது.

அன்று மதியமே வேலையை ஆரம்பித்துவிட்டேன். முதல் கேள்வி, யார் கூட வருவது. பெண்பிள்ளை தனியாகக் காட்டு வழியில் போவதை அண்ணனே ஒப்புக்கொள்ள மாட்டான். அவனுக்கோ ஒன்றிய அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரம். என் கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்யாணமாகி இடுப்பில் குழந்தையோடு இருந்தார்கள். யோசித்து யோசித்து இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி கேட்டாள்.

"சைக்கிள்ல போனா வாந்தி வராது இல்ல, பாப்பா?"

அண்ணியின் தங்கை காவலூரில் இருந்தாள். மலைமேல் நட்சத்திரம் பார்க்கிற பெரிய கூடம் இருக்கிறதே, அங்கே அவள் புருஷன் ஜீப் ஓட்டினான். தங்கைக்குக் குழந்தை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது. அண்ணி இன்னும் போய்ப் பார்க்கவில்லை. காரணம் பஸ். அண்ணிக்கு பஸ் ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு ஏறினாலும் வேலூர் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். வேலூர் போய், வாணியம்பாடி போய், ஆலங்காயம் போய், அதற்குமேல் வளைந்து வளைந்து மலையேறுவது என்பது அவளுக்கு உயிர் போகிற சங்கதி. ஆனால் சைக்கிள் நன்றாக விடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போய் வந்தவள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவள் அம்மா வைத்த ஆள், வழி நெடுக என் இருமலை எண்ணிக்கொண்டு வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது, அண்ணி வருவதாகச் சொன்னதும் சட்டென்று ஒப்புக்கொண்டாள். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

அடுத்தது வழி. பஸ் போகாத வழி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அமிர்திக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள், அதோடு சரி. அதற்குமேல் ஜவ்வாது மலை என்பது சாயங்காலத்தில் நீலமாகத் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். மாசி மாதம் புளி இறங்குகிற காலம். வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்குப் புளி கொண்டுவரும் மலைக்காரம்மா அந்த வாரம் வந்தாள். அம்மா புளியைக் கொட்டை இருக்கிறதா என்று பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அமிர்தி தாண்டி உங்க ஊருக்கு சைக்கிள்ல வர முடியுமாங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வரலாமே. ஆனா அத இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வர்றீங்க?"

சைக்கிள் மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது அவள் கணக்கில் இல்லை. நான் விடவில்லை. மோர் கொடுத்து உட்காரவைத்து வழி கேட்டேன். அவள் மைல் சொல்லவில்லை, நேரம் சொல்லவில்லை. தலைச்சுமையை எங்கெங்கே இறக்கி வைப்பாள் என்று சொன்னாள். அமிர்தி தாண்டி ஓடைக்கரைப் பாறையில் ஒரு தடவை. நெல்லிமரத்து மேட்டில் ஒரு தடவை. கொண்டை ஊசி மாதிரி வழி திரும்புகிற இடத்தில் ஒரு தடவை. வண்டிப் பாதைதான், மரம் ஏற்ற வருகிற லாரி எப்போதாவது போகும். இலுப்பைப் பூ விழ ஆரம்பித்துவிட்டால் கரடி வரும், அதனால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். ஊர் எல்லையில் அம்மன் இருக்கிறாள், அங்கே சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக் கூடாது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

"அந்த வளைவுல நின்னா எங்க ஊரு கூப்பிடு தூரந்தான். என் வூட்லயே தங்கிக்குங்க. மறுநாளு ஜமுனாமரத்தூரு, அதுக்கு மறுநாளு காவலூரு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

அதற்கப்புறம் எனக்கும் தேவை இல்லை. அவள் சுமை இறக்குகிற இடங்கள்தான் நாங்களும் நிற்கிற இடங்கள் என்று அப்போதே முடிவு செய்தேன். சுமையோடு ஏறுகிறவளுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்தால் போதும், மைல் எதற்கு.

சைக்கிளுக்கு வருகிறேன். அண்ணனுடையது பார் வைத்த வண்டி, சேலையோடு ஏற முடியாது. என்னுடைய லேடீஸ் சைக்கிள் நான் படுத்த நாளிலிருந்து கொல்லையில் துருவேறிக் கிடந்தது. அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உருட்டிக்கொண்டு போய் சைக்கிள் கடையில் நிறுத்தினேன். இன்னொன்று வாடகைக்கு வேண்டும் என்றேன். கடைக்காரருக்கு நாக்கு சற்று நீளம்.

"எத்தினி மணி நேரத்துக்கு?"

"ஆறேழு நாளைக்குங்க."

"நாளைக்கா? மணிக்கணக்கு சைக்கிள நாள் கணக்குல கேக்கறவங்க அப்பால ஆளே காணாம போயிடுவாங்களே."

மலைக்கு என்று சொன்னதும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "இதுல போறப்ப வண்டியா போவீங்க, வர்றப்ப சாக்குல கட்டிக்கினு வருவீங்க. இன்னா, யாருகூடன்னா பந்தயமா?"

"ஆமாங்க" என்றேன். "எங்கம்மாகூட."

அவருக்கு அம்மாவைத் தெரியும். எங்கள் தெருவில் என் நோய் தெரியாதவர் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் என் சைக்கிளின் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, "மொதல்ல பஞ்சர் ஒட்டக் கத்துக்க. காட்ல நானா வருவேன்?" என்றார். அந்த ஸ்டூலை அவர் எடுத்துப் போட்ட விதத்தில், நான் உட்கார்ந்தால் நோய் ஒட்டுமோ என்ற யோசனையே இல்லை. அதற்காகவே அவர் கிண்டலை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் மதிய வேளைகளில் அவர் கடையில் உட்கார்ந்து ஊரார் சைக்கிளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டினேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கவும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும், சொல்யூஷன் தடவி அது காயும்வரை பொறுமையாக இருக்கவும் கற்றுக்கொண்டேன். காயும்வரை பொறுக்கிற பாடம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அம்மாவுக்கு யாரோ போய்ச் சொல்ல, அந்த சொல்யூஷன் வாசனை நெஞ்சுக்கு ஆகாது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது நாளும் போனேன். கடைக்காரர் இரண்டு வண்டிக்கும் பின் சக்கரத்தில் பல் அதிகமுள்ள பல்சக்கரம் மாற்றிக் கொடுத்தார், பாரம் அடிக்கிறவர்கள் போடுவது. மேட்டில் மிதிக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் வண்டி ஓடாது, ஊரும் என்றார். ஊர்ந்தால் போதும் என்றேன். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டார்.

பிறகு என் உடம்பு. அதற்குத்தான் உதிரிச் சாமான் கிடையாது. விடிந்ததும் விடியாததுமாக அமிர்தி சாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதற்குள் கண் இருட்டியது. இறங்கி மதகில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மிகவும் பயந்தேன். அம்மா சொல்வதுதான் நிஜமோ, டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாரோ என்றெல்லாம் நினைப்பு ஓடியது. உட்கார்ந்து முடித்ததும் சைக்கிளைத் திருப்பாமல் அடுத்த புளியமரம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினேன். மறுநாள் அதற்கடுத்த மரம். பங்குனி பிறப்பதற்குள், கேரியரில் அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டு அமிர்திவரைக்கும் போய்த் திரும்ப என்னால் முடிந்தது. குழவியோடு சைக்கிளில் போன பெண் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. குழவியைக் காணாமல் அம்மா தேங்காய்ச் சட்னி அரைக்க முடியாமல் திண்டாடியதும் உண்டு.

இருமலை அடக்கவும் பழகினேன். மூக்கால் மூச்சு விட வேண்டும். கன்னத்தில் ஒரு லவங்கம் அடக்கிக்கொள்ள வேண்டும். தொண்டை அரிக்கும்போது எச்சிலை விழுங்கிவிட்டு வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டும். அண்ணி ஒரு நாள் கவனித்துவிட்டுக் கேட்டாள், "அடக்கறியா, இல்ல வரவே இல்லியா?" எனக்கே அது தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மூட்டை கட்டினோம். கட்டியது அம்மா. போகவே கூடாது என்றவள், மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி சாமான்களை எடுத்து வைத்தாள். ஒரு டின் முறுக்கு. எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியோடு. எனக்கு ஸ்வெட்டர், மப்ளர், யூகலிப்டஸ் தைலம். அண்ணியின் தங்கைக்கு வெல்லம், முருங்கைக்காய், குழந்தைக்கு வெள்ளித் தண்டை, பித்தளைக் காமாட்சி விளக்கு. காவலூரில் விளக்கு இல்லாமலா இருக்கிறார்கள் என்று கேட்டேன். வெறுங்கையோடா போவார்கள் என்றாள். அரிசி, பருப்பு, பொங்கிச் சாப்பிட ஒரு பாத்திரம். அண்ணிக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சொம்பு. எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சொம்பு, எனக்கென்று இன்னொரு பாத்திரம்.

எல்லாவற்றையும் சாக்கில் போட்டு என் கேரியரில் கட்டி, அண்ணன் கையை எடுத்ததும் சைக்கிளின் முன் சக்கரம் மேலே எழும்பி நின்றது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். விளக்கை எடுத்தேன், அம்மா திரும்ப வைத்தாள். ஜாடியை எடுத்தேன், திரும்ப வைத்தாள். ஸ்வெட்டரை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் விளக்கும் ஜாடியும் டின்னும் வீட்டில் நின்றன, முறுக்கு துணிப்பையில் ஏறியது, ஸ்வெட்டர் அம்மா இஷ்டப்படியே வந்தது. அப்படியும் கனம் தீரவில்லை.

அதுவரை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்ற அண்ணி குனிந்தாள். என் தட்டு, என் டம்ளர், என் சொம்பு, என் பாத்திரம் நான்கையும் சாக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஒரு தட்டு போதும், அத்த."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னா பேசற நீ? சின்னப் புள்ளய வச்சிக்கினு."

"டாக்டரு ஒட்டாதுன்னுதானே சொல்லிகீறாரு. மேட்ல அவ வண்டியயும் நாந்தானே அத்த தள்ளணும்? கனம் கொறஞ்சா எனக்குத்தானே நல்லது."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டான். நான் கீழே கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பெரிய மனசோடு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். கனம் என்று சொன்னாளே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் ஒரு சங்கடமாக இல்லாமல் வெறும் சுமையாக இருந்த முதல் தடவை அது. அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள். முன் சக்கரம் தரையில் நின்றது.

விடியற்காலையில் கிளம்பினோம். சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, மேலே அண்ணனின் பழைய சட்டை ஆளுக்கொன்று, களையெடுக்கப் போகிறவர்களைப் போல. அம்மா வாசலில் குழந்தையோடு நின்று, "நெனப்பு இருக்கட்டும்" என்றாள். அமிர்திவரைக்கும் நன்றாகவே மிதித்தோம். அதற்குப் பிறகு மலைக்காரம்மா சொன்னதுதான் சரி, சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஓடைக்கரைப் பாறையில் மூச்சு வாங்கியது, நெல்லிமரத்து மேட்டிலும் வாங்கியது. மரம் ஏற்றிய லாரி ஒன்று செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, லவங்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை அரித்தது. விழுங்கினேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளினாள்.

கொண்டை ஊசி வளைவில் நின்றபோது ஊர் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான், பொய் இல்லை. எதிர் மேட்டில் நாய் குரைப்பது கேட்டது, யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. நடுவில் மட்டும் ஒரு பள்ளத்தாக்கு. இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. அண்ணி அன்று மலைக்காரம்மாவைத் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. அம்மனைக் கண்டதும் மட்டும் வாயை மூடிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மலைக்காரம்மா எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நாங்கள் வருவோம் என்று அவள் நினைக்கவே இல்லை. கேழ்வரகுக் களி கிண்டினாள். தொட்டுக்கொள்ளத் துவையல் அரைப்பதற்காகச் சட்டியில் காய்ந்த மிளகாயைப் போட்டு வறுத்தாள். தாழ்வான கூரை, ஜன்னல் கிடையாது. நெடி கிளம்பியதும் முதலில் அவள் இருமினாள். பிறகு அவள் புருஷன் இருமினான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமினாள். நான் இருமவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"அடச்சீ, இருமித் தொலையேன்! செத்துகித்துப் போயிடப் போற" என்று அண்ணி கத்தினாள்.

தலையை ஆட்டிவிட்டு வெளியே ஓடினேன். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அடக்கி வைத்தது எல்லாம் சேர்த்து வந்தது. விடாமல் இருமினேன். நின்றபிறகு கல்லில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை மரங்களும் இத்தனை பஞ்சரும் ஒரு மிளகாயில் போயிற்றே என்று அழுதேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"திரும்பிடணுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"இருமிட்டேனே."

மறுபடியும் அவளுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "எழுந்து வா. களி ஆறிடும்" என்றாள்.

ஒரே தட்டில் சாப்பிட்டோம். நடுவில் களி உருண்டை, ஓரத்தில் துவையல். அவள் பக்கம் இருந்து அவளும் என் பக்கம் இருந்து நானும் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டு, நடுவில் வந்து கை இடித்துக்கொண்டது. அண்ணி கையை எடுக்கவில்லை. கடைசித் துண்டுக்கு இரண்டு பேருக்கும் போட்டி வந்தது. அவளே ஜெயித்தாள்.

மறுநாள் ஜமுனாமரத்தூர் மேட்டில் நான் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாமை வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அறுப்பு முடிந்த தாள்தான், ஆனாலும் வெயிலில் அழகாக இருந்தது. பின்னால் வந்த அண்ணி, "இன்னாடி, பொம்ம மாதிரி நிக்கற? வழிய வுட்டுத் தள்ளு, சோம்பேறி" என்றாள். இரண்டு வருஷமாக என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் வலி பறந்துவிட்டது. விடுவிடு என்று தள்ளிக்கொண்டு போனேன். அவளால் பிடிக்க முடியவில்லை. மேட்டின் தலையில் நின்று திரும்பி, "யாரு சோம்பேறி?" என்று கத்தினேன். அவள் கீழேயிருந்து ஏதோ வைதாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

காவலூருக்கு மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அண்ணியின் தங்கை சைக்கிளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பஸ் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டாள். ஒரு நாள் தங்கினோம். திரும்பும்போதும் அதே வழி, அதே மலைக்காரம்மா வீடு. இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்து புகை வந்தது. ஒரு பஞ்சர் ஆனது, அண்ணி முறுக்குத் தின்றுகொண்டிருக்க நான் ஒட்டினேன். சொல்யூஷன் காயும்வரை பொறுத்திருந்தேன்.

கணியம்பாடி எல்லை வந்ததும் என் தைரியம் எல்லாம் ஓடிவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெயிலில் கறுத்துப் போயிருந்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

"இருமினாளா?"

அண்ணி பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு பொய், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நான் ஜூனில் விடுதிக்குப் போவது அவள் நாக்கில் இருந்தது.

"இருமினா" என்றாள் அண்ணி. சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். "நானும் இருமினேன். அந்தூட்டுக்காரி இருமினா, அவ புருசன் இருமினான். மொளகா வறுத்தா மனுசாளுங்க இருமத்தான் செய்வாங்க, அத்த. உங்க பொண்ணும் இருமினா. இருமிட்டு எனக்கு முன்னால மலையேறிப் போனா. அவளப் புடிக்க என்னால முடியல."

அம்மா இடுப்பில் இருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அண்ணன் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நிலைமை சரியில்லை என்று உள்ளே போய்விட்டான். கால் கெஞ்சியது, உட்காரத் தைரியம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது தெருக்குழாயில் சொர்ரென்று தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீடுகளில் குடங்கள் உருண்டன. அம்மா உள்ளே போய் இரண்டு குடத்தோடு வந்தாள். இரண்டையும் என் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? போய்ப் புடிச்சாந்து ஊத்து. ஆஸ்டல்ல உனக்கு யாரு தண்ணி மொண்டு குடுப்பாங்க?"